தெரியாத கோடும் பாடம் சொல்லும்

(ஒன்பதாம், பத்தாம் வகுப்பு – அறிவியல் செறிவூட்டல்)

நிறமாலைப் பாடத்தை முடித்ததும் மாணவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: கோடு இருந்தால் தனிமம் உண்டு, கோடு இல்லையேல் தனிமம் இல்லை. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு. அதைத் திருத்த ஹீலியத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

சென்னையிலிருந்து தொடங்குவோம்

நுங்கம்பாக்கத்தில், இன்றைய வானிலை மைய வளாகத்தில், 1792-இல் மதராஸ் வானாய்வகம் அமைந்தது. அதன் கருங்கல் தூணைத் தமிழ்க் கல்வெட்டுடன் இன்றும் காணலாம். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது அதன் வானியலாளர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலும், பிரான்சின் ஜான்சென் குண்டூரிலும் சூரிய விளிம்பின் ஒளியை ஆராய்ந்தனர். அங்கே தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்தின் கோடன்று என்பது பின்னர் உறுதியாயிற்று. லாக்கியர் அதைப் புதிய தனிமம் என்று கருதினார். 1895-இல் ராம்சே அதைப் பூமியிலும் கண்டறிந்தார். அதுவே ஹீலியம்.

சிக்கல் எங்கே?

ஹீலியத்தின் எலக்ட்ரானைக் கிளர்ச்சியுறச் செய்ய ஏறத்தாழ 20 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சிவப்புப் பெருவிண்மீன்களின் மேற்பரப்பு வெப்பநிலை 4,000 முதல் 5,000 கெல்வின் அளவே. அங்கு ஹீலியம் ஏராளமாக இருந்தும் நாம் காணும் ஒளியில் அதன் கோடு எழுவதில்லை.

இரு சாட்சிகள்

மதராஸ் வானாய்வகத்தின் வழிவந்த இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பி.பி. ஹேமா, கஜேந்திர பாண்டே ஆகியோர் மெக்னீசியத்தின் துணையோடு இதை அணுகினர். விண்மீனின் மெக்னீசியத்தை இரு வழிகளில் கணக்கிடலாம்:

1. மெக்னீசியம் அணுவின் கோடுகள்.
2. மெக்னீசியமும் ஹைட்ரஜனும் இணைந்த மெக்னீசியம் ஹைட்ரைடு மூலக்கூறின் பட்டைகள்.

இரண்டும் ஒரே விடையைத் தர வேண்டும். பொதுவாகப் பத்து ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒரு ஹீலியம் அணு என்று கொண்டே கணக்கிடுவர். வெப்பநிலை முதலியவற்றைச் சரியாகக் கண்ட பின்னும் இரண்டாவது விடை குறைவாக வந்தால், ஹைட்ரஜன் நாம் எண்ணியதைவிடக் குறைவு, ஹீலியம் மிகுதி என்று பொருள். இரு விடைகளும் ஒத்துவரும் வரை விகிதத்தை மாற்றினால் ஹீலியத்தின் அளவு கிடைக்கும்.

ஒமேகா சென்டாரி விண்மீன் கூட்டத்தில் ஹைட்ரஜன் குறைந்த பெருவிண்மீன்களை இவர்கள் 2014-இல் அறிவித்தனர். அதற்கு உதவியது நம் காவலூரிலுள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. மே மாத இரவில், விளக்கொளி குறைந்த இடத்திலிருந்து தெற்கு வானில் அக்கூட்டத்தை மங்கிய புள்ளியாக வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: இரு துணிப்பைகள், ஒரே அளவுள்ள இருநிற மணிகள்.

- பை 'அ': 45 வெள்ளை (ஹைட்ரஜன்), 5 நீலம் (ஹீலியம்). பை 'ஆ': 35 வெள்ளை, 15 நீலம். எண்ணிக்கையை மாணவரிடம் சொல்ல வேண்டாம்.
- 20 மாணவர்கள் 'மெக்னீசியம்'. ஒவ்வொருவரும் பாராமல் ஒரு மணியை எடுத்து, பார்த்தபின் திரும்பப் போட வேண்டும்.
- வெள்ளை வந்தால் மட்டும் 'மூலக்கூறு' என்று கரும்பலகையில் ஒரு கோடு இடவும்.
- இரு பைகளுக்கும் செய்து ஒப்பிடவும். 'அ'வில் 18-ஐ ஒட்டியும், 'ஆ'வில் 14-ஐ ஒட்டியும் வரும். வேறுபாடு தெளிவாகாவிட்டால் மீண்டும் எடுத்துக் கூட்டவும்.

நீல மணிகளுக்குக் கரும்பலகையில் ஒரு கோடும் இல்லை. ஆயினும் எந்தப் பையில் நீலம் அதிகம் என்று மாணவர்களே கூறுவர்.

தொடக்க வகுப்புகளில் இரு பைகளையும் ஒப்பிட்டு 'எதில் நீலம் அதிகம்?' என்று கேட்பதோடு நிறுத்தலாம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. வெப்பம் மிகுந்த விண்மீன்களில் மட்டும் ஹீலியக் கோடுகள் தெரிவது ஏன்?
2. மெக்னீசியம் ஹைட்ரைடு பட்டை வலுக்குறைந்திருக்க ஹைட்ரஜன் குறைவைத் தவிர வேறு காரணம் இருக்க முடியுமா? (குறிப்பு: வெப்பநிலையை எண்ணிப் பார்க்கவும்.)
3. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மற்றொன்றின் வழியே அளக்கும் நிகழ்வு ஒன்றை அன்றாட வாழ்விலிருந்து கூறுக.

இரண்டாம் வினாவுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். கிடைத்த விடையை நம்புமுன் வேறு காரணங்களை விலக்கிப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் உருவாகிறது.