அம்மாவுக்கும் அரை மணி நேரம்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு இருக்கிறது. அங்கே பூ விற்கும் ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். வயது 52. அவருக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் பிழைத்தார். வீடு வந்த மறுநாளே அடுப்படிக்குப் போய்விட்டார்.

டாக்டர் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார். அம்மா போகவில்லை. நாத்தனார் கேட்டார்:

“ஏன் மதினி போகலை?”

“துணைக்கு யார் வருவா? சோறு யார் வடிப்பா? நாள் முழுக்க வேலை செய்றேனே, அது போதாதா?”

போதாது. வீட்டு வேலையில் களைப்பு உண்டு, அளவு இல்லை. பயிற்சியில் நாடி பார்ப்பார்கள். இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். நடையை மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். மருந்து, சாப்பாடு பற்றிச் சொல்வார்கள். மனப் பயத்தையும் போக்குவார்கள்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் உள்ளது. அங்கே உருவான செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பெரிய வைத்தியம் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் வீடு திரும்பிய பிறகும் கவனிப்பு வேண்டும்.

மாரடைப்பு வந்தவர்களுக்கு யோகப் பயிற்சி தந்து இந்தியாவில் ஓர் ஆய்வு நடந்தது. 24 மருத்துவமனைகள் சேர்ந்தன. 3,959 நோயாளிகள் பங்கு கொண்டார்கள். 2018-இல் முடிவு வெளிவந்தது. யோகம் கற்றவர்கள் பழைய வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள். அந்த ஆய்வில் 100 பேரில் 14 பேர்தான் பெண்கள்.

பெண்களும் வர என்ன வழி?

பயிற்சியை ஆஸ்பத்திரியில் கற்று, வீட்டிலும் செய்யலாம். நர்ஸ் போனில் விசாரிக்கலாம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். குடும்பஸ்ரீ அயல்கூட்டப் பெண்கள் துணைக்கு நடக்கலாம். வீட்டு வேலையை எல்லோரும் பங்கு போடலாம்.

பூக்கார அம்மா வீட்டிலும் பேசினார்கள். இப்போது காலையில் மகன் சோறு வடிக்கிறான். அம்மாவும் நாத்தனாரும் டாக்டர் சொன்ன அளவு நடக்கிறார்கள்.

நினைவில் வையுங்கள்:

டாக்டரைக் கேட்காமல் பயிற்சி தொடங்கக் கூடாது. மருந்தை நிறுத்தக் கூடாது. நெஞ்சு வலி, மூச்சு முட்டல், மயக்கம் வந்தால் உடனே உட்காருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்குத் தாடை வலி, முதுகு வலி, கடும் களைப்பாகவும் மாரடைப்பு வரலாம்.

பேசுங்கள்:

1. அம்மா ஏன் பயிற்சிக்குப் போகவில்லை?
2. உங்கள் வீட்டில் அம்மாவுக்கு அரை மணி நேரம் கிடைக்க யார் எந்த வேலையைச் செய்யலாம்?