பவளப் போத்து

கடையநல்லூரில் முருங்கை வளர்க்க யாரும் விதை தேடுவதில்லை. போத்தை வெட்டி ஊன்றுவோம். பவளமும் அவ்வாறே பெருகும் என்று விலங்கியல் நூலில் படித்து வியந்தேன். அது செடியன்று, பாலிப் என்னும் சிற்றுயிர்களின் கூட்டம்.

மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்தனர். அதுவும் ஒரு காரணமாக, அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கின. 2002 முதல் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் உயிருள்ள துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வந்துள்ளனர். கிளைப் பவளம் விரைந்து வளரும். ஆனால் நீர் சூடேறினால், உடலுக்குள் வாழ்ந்து உணவளிக்கும் பாசியை இழந்து முதலில் வெளுப்பதும் அதுவே. 2016இல் அங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. மெல்ல வளரும் உருண்டைப் பவளம் வெப்பத்தைச் சற்று அதிகம் தாங்கும். இரண்டையும் கலந்து நடுவதே தக்கது என்பேன்.