காரையாறு ஏற்றத்தில் நிற்கும் ஹெரால்டு

பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும்போது அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றுவிடுகிறது, நாளைக்குக் கார்பரேட்டரைக் கழற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். இப்போதைக்குக் கழற்றாதே.

1961-லிருந்து மெட்ராஸில் செய்து விற்ற வண்டி அது. கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுப் பித்தளை ஜெட்டின் தலையை மழுக்கிவிட்டால், இன்னொன்றுக்குக் கடை கடையாக அலைவாய். முதலில் வண்டிக்காரரிடம் கேள்: எப்படி நிற்கிறது? சாவியைத் திருப்பி அணைத்தாற்போல் சட்டென்று நின்றால் காயில், கண்டென்சர் பக்கம் போ. சூடேறினால் மட்டும் காலை வாரும் கண்டென்சர்கள் நிறைய உண்டு. விக்கி, இழுவை குறைந்து, சோக்கை இழுத்தால் கொஞ்சம் தேறி, பிறகு நின்றால்தான் பெட்ரோல்.

நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திற. 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி ஒழுங்காக ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு ஊசி போதும்.

அது இல்லையென்றால், காயில் ஒயரைக் கழற்றி ஸ்பார்க் வராமல் செய். பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது. கார்பரேட்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றிக் கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொல். பெட்ரோல் விட்டு விட்டு, வலுவாகப் பீச்ச வேண்டும். குமிழி குமிழியாக வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று புகுகிறது. இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். அந்தப் பைப்பில் பம்ப் உறிஞ்சுவதால் ஓடும்போது வெளியே சொட்டாது. விரலால் தடவினால் காய்ந்திருக்கும். சமதளத்தில் அம்பாசமுத்திரம் வரை ஓட்டினாலும் குறை தெரியாது. ஏற்றத்தில் வண்டியின் மூக்கு தூக்கும், பின்னால் இருக்கிற டேங்க் தாழும். பம்ப் இன்னும் கீழேயிருந்து இழுக்க வேண்டும். அங்கேதான் தோற்கிறது. ரப்பர் ஹோஸை மடக்கிப் பார், வெடிப்பு தெரியும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதற்குத் தாங்காது. ஹோஸையும் பம்ப் டயாபிரத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடு.

எஞ்சின் ஆயில் குச்சியை உருவி முகர்ந்துபார். பெட்ரோல் வாடை அடித்தால் டயாபிரம் கிழிந்திருக்கலாம். ஆயில் நீர்த்துப் பேரிங் போய்விடும், அதற்குமேல் ஸ்டார்ட் செய்யாதே.

மத்தியான வெயிலில், செகண்ட் கியரில் ஏறும்போது மட்டும் நின்றால், பைப்பிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டதும் தேறினால் அதேதான். பைப்பை எக்ஸாஸ்ட் சூட்டிலிருந்து தள்ளிக் கட்டு.

பாட்டிலில் நன்றாகப் பீச்சியும் சூட்டுக் கோளாறு இல்லாமலும் வண்டி நின்றால், இனி கார்பரேட்டரைத் திற. கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள். மிதவை அறையில் செம்மண்போல் துரு கிடந்தால் ஜெட்டை ஊதுவதோடு நிறுத்தாதே. டேங்கை இறக்கிக் கழுவு. இல்லையென்றால் முண்டந்துறை வருமுன் அதே துரு மறுபடி ஜெட்டை அடைக்கும்.