கலத்தின் இடைச்சொற்கள்

‘குப்பை டி.என்.ஏ.’ என்னும் தொடர் விஞ்ஞான நூல்களிற் பல காலமாக வழங்கி வருகின்றது. 1972ஆம் ஆண்டிலே சுசுமு ஓனோ என்னும் அறிஞர் பரப்பிய ஆங்கிலச் சொல்லின் நேர்மொழிபெயர்ப்பு இது. தமிழாசிரியர்க்கு இவ்வாராய்ச்சியில் என்ன அலுவல் என அன்பர்கள் வினவுதல் கூடும். சொல்லின் தகுதியை ஆராய்தல் எமது தொழில். அன்றியும், சண்டிலிப்பாய்க்கு அயலூராகிய மானிப்பாயிலே, 19ஆம் நூற்றாண்டிற் கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கு வேண்டிய கலைச்சொற்களையும் ஆக்கினார். அவ்வழியில் வந்த நாம் வாளாவிருத்தல் அழகன்று.

மனிதக் கலத்தின் டி.என்.ஏ. ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்களால் ஆயது. எழுத்து வகையோ நான்கே. அவற்றுள் புரதங்களைக் குறிப்பது நூற்றில் 2 பங்கிலும் குறைவு. ஏறத்தாழப் பாதி, வந்த தொடரே திரும்பத் திரும்ப வருவது. ‘அலு’ எனப்படும் 300 எழுத்துத் தொடர் மாத்திரம் 10 இலட்சம் முறைக்கு மேல் வருகின்றது. கூறியது கூறலைக் குற்றமென்று வகுத்த நன்னூலார் இதனைக் கண்டிருப்பின் என் சொல்வரோ! இம்மீள்வரிகளிலிருந்தும் கலமானது ஆர்.என்.ஏ. படிகளை எடுக்கின்றது. அப்படிகளுட் பெரும்பாலானவற்றாற் புரதம் உண்டாவதில்லை. பயனற்ற வேலையெனப் பலர் கருதியதற்குக் காரணம் இதுவே.

எமது இலக்கணத்திலே பெயரும் வினையும் பொருளைத் தாமே உணர்த்தும். இடைச்சொல்லோ தனித்து இயங்காது. அவற்றைச் சார்ந்து நின்றே பொருளை வேறுபடுத்தும். ‘உம்’ என்பதற்குத் தனியே பொருள் யாது? ஆயினும் ‘அவன் வந்தான்’ என்பதும் ‘அவனும் வந்தான்’ என்பதும் ஒன்றல்லவே. புரதத்தைக் குறிக்கும் பகுதிகளைப் பெயரும் வினையுமாகக் கொண்டால், இவ்வார்.என்.ஏ.க்களை இடைச்சொல் எனலாம்.

இதற்கு நல்ல சான்று ஐதராபாத்திலே கிடைத்தது. ஆணுக்கு மாத்திரம் உரிய ‘வை’ நிறமூர்த்தத்தின் நுனிப்பகுதி மீள்வரிகளால் நிறைந்தது. அங்குள்ள கல, மூலக்கூற்று உயிரியல் மையத்தில் ரேச்சல் ஜேசுதாசனும் குழுவினரும் ஆராய்ந்து, அப்பகுதியினின்று விதையிலே ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவதை 2007இல் வெளியிட்டனர். வியப்பு யாதெனில், அப்படியின் 67 எழுத்துக்கள், முதலாம் நிறமூர்த்தத்திலிருந்து வந்த வேறொரு பரம்பரையலகின் ஆர்.என்.ஏ.யின் தலைப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இருவேறு நிறமூர்த்தங்களின் சொற்கள் புணர்ந்து ஒரு சொல்லாகின்றன! ஒட்டிய துண்டு புரதத்தின் பகுதியாவதில்லை. அப்புரதம் ஆக்கப்படுவதை நெறிப்படுத்தக்கூடிய அடையாளம் அதில் உண்டு. பின்னர் 2021இல், சுண்டெலியின் ‘வை’ மீள்வரிகளினின்று வரும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் பிற நிறமூர்த்தங்களின் பரம்பரையலகுகளை விதையிலே கட்டுப்படுத்துவதை அக்குழுவினர் காட்டினர். அந்நிறமூர்த்தத்தின் நீள்புயம் பெரிதுங் குறைந்த சுண்டெலிகளின் விந்துக்களிற் பழுது காணப்படுகின்றது.

வெப்பத்தால் வருந்தும் மனிதக் கலத்திலும் இத்தகைய செயலொன்று உண்டு. ஒன்பதாம் நிறமூர்த்தத்தின் மீள்வரிகள் வழமையாக அடங்கிக் கிடப்பன. வெப்பம் மிக்கவுடன் அவை பெருவாரியாகப் படியெடுக்கப்பட்டு, அவ்விடத்திலேயே தங்கி, கருவினுள் உலவும் சில புரதங்களைத் தம்பால் ஈர்த்துச் சிறு திரள்களாக்குகின்றன. இஃது 2004இல் அறியப்பட்டது.

ஆனால், மீள்வரி அனைத்துக்கும் தொழில் உண்டென்று சாதிப்பாருடன் நாம் உடன்படோம். அவற்றுட் பல வெறுமனே பெருகிக் கிடப்பவையாதல் கூடும். சில தீங்கும் விளைப்பன. கணையப் புற்றுநோய்க் கலங்களில் மீள்வரி ஆர்.என்.ஏ. அளவிறந்து மிகுவது 2011இல் வெளியாயிற்று. பொருளற்ற அசைநிலையையும் தொல்காப்பியர் இடைச்சொல்லின் வகையாகவே அடக்கினார். செய்யுளுக்குப் புறம்பென்று தள்ளினாரல்லர்.

ஆகவே ‘குப்பை’ என்பதை விடுத்து, ‘புரதங் குறியா மீள்வரி’ என வழங்கலாம் என்பது எமது கருத்து. சற்றே நீளமான தொடர்தான். விஞ்ஞான ஆசிரியர்கள் இதனினுஞ் சுருங்கிய நற்சொல் தருவாராயின் மகிழ்ந்து ஏற்போம்.