மூக்கால் பிழைக்கும் பிள்ளைகள்

கேள்வி: மொட்டைமாடித் தொட்டியில் தலைப்பிரட்டைகள் வளர்கின்றன. ஒரு தட்டான் குஞ்சை டீ வடிகட்டியில் போட்டுத் தண்ணீரில் இறக்கினேன். கலங்கல் நீர்தான்; ஆனாலும் எல்லாம் அடியில் போய் அசையாமல் கிடந்தன. எப்படித் தெரிந்தது?
- வாசகி, கிண்டி

பதில்: வாசனைதான். ஐப்பசி மழைத் தண்ணீரில் கண்ணை நம்பினால் சாவுதான். எதிரியின் உடம்பிலிருந்தும் கழிவிலிருந்தும் கரைந்து வரும் வாடை ஒன்று. கடிபட்ட கூட்டாளியின் தோலிலிருந்து கசிவது இன்னொன்று. இந்த இரண்டாவதை மீன்களிடம் கண்டு 1938இல் எழுதியவர் கார்ல் வான் ஃப்ரிஷ். பிற்பாடு தேனீ நடனத்துக்காக நோபல் வாங்கினாரே, அவரேதான். தார்வாடு கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் நம் ஊர்த் தேரைக் குஞ்சுகளை வைத்தும் சோதித்தார்கள். அங்கே வில்லன், மழைக்கு மஞ்சளாகும் பெருந்தவளையின் தலைப்பிரட்டை. அது மற்ற தலைப்பிரட்டைகளைத் தின்னும்.

கேள்வி: இந்தப் பயம் பிறவியிலேயே வருவதா?
- வாசகர், அடையாறு

பதில்: பாதி பிறவி, பாதி படிப்பு. கனடாவில் காட்டுத்தவளை முட்டைகளுக்கு எதிரியின் வாடையையும் நசுங்கிய தலைப்பிரட்டையின் வாடையையும் சேர்த்துக் காட்டினார்கள். பொரித்து வந்த குஞ்சுகள் அந்த எதிரிக்கு அஞ்சின. 2008இல் வெளியான ஆய்வு. அபிமன்யு கதைதான், பாடம் மட்டும் பாதியில் நிற்கவில்லை.

கேள்வி: கிண்டி தேசியப் பூங்காக் குளத்திலிருந்து என் மகன் தலைப்பிரட்டைகளைப் பாட்டிலில் பிடித்து வந்தான். என்ன தீனி போடலாம்?
- பெயர் வேண்டாம்

பதில்: தீனி அப்புறம். அங்கிருந்து எதையும் எடுப்பது குற்றம். பூங்கா ஊழியரிடம் சொல்லி ஒப்படையுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பின் அல்லிக்குளத்தில் கொசு. லேசாக மருந்து தெளித்தால் தலைப்பிரட்டைக்கு ஆபத்தில்லையே?
- சங்கச் செயலாளர், மயிலாப்பூர்

பதில்: இந்த 'லேசாக' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கார்பரில் என்றொரு பூச்சிமருந்து. போபால் ஆலையில் செய்தது அதைத்தான். அமெரிக்காவில் ரிக் ரிலியாவும் நதன் மில்ஸும் 2001இல் காட்டியது இது: தண்ணீரில் எதிரியின் வாடை இருந்தால், அதே மருந்து மரத்தவளைக் குஞ்சுகளை இரண்டு முதல் நான்கு மடங்கு கூடுதலாகக் கொன்றது. பயந்து கிடக்கும் உடம்பு விஷத்தைத் தாங்காது. வழக்கமாக மருந்தைச் சோதிக்கும் ஆய்வகக் கண்ணாடித் தொட்டியில் எதிரி இருக்காது. உங்கள் குளத்தில் இருக்கும். டப்பாவில் அச்சடித்த அளவு இந்தக் கணக்கைச் சொல்லாது. இன்னொன்று: கொசுப்புழுவைத் தின்பது அந்தத் தட்டான் குஞ்சுதான். அதையும் சேர்த்துக் கொன்றால், சில நாளில் திரும்பி வருவது கொசு மட்டுமே. குளத்தை விடுங்கள், மாடித் தொட்டியை மூடுங்கள், பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள்.

கேள்வி: தலைப்பிரட்டைக்கு மூக்கு உண்டா?
- மாணவி, தி.நகர்

பதில்: உண்டு. வாய்க்கு மேலே இரண்டு துளை. லென்ஸ் வைத்துப் பார்.