இறுகிய பைபர் பாகங்களை ஒட்டுதல்: எந்தப் பசை, எதற்கு?

எமது கரையோரக் கிராமங்களில் மர வள்ளங்களின் இடத்தைப் பெருமளவுக்குப் பைபர் படகுகள் பிடித்துவிட்டன. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கானவை கட்டப்பட்டன. இவற்றில் உட்சட்டம் கழன்றாலோ, இயந்திரம் பூட்டும் பின்பலகை அசைந்தாலோ, திரும்ப ஒட்டவேண்டும். கரையில் உறுதியாகத் தோன்றும் ஒட்டு கடலில் விட்டுப்போனால், இழப்பது பணம் மட்டுமல்ல. ஆகவே பசையைத் தெரியுமுன் சிலவற்றை விளங்கிக்கொள்வோம்.

1. இறுகிய மேற்பரப்பின் இயல்பு

படகு கட்டும்போது ஒரு படை முற்றாக இறுகுமுன் அடுத்ததை இட்டால், இரண்டும் இரசாயன முறையில் இணைந்து ஒன்றாகும். இறுகி முடிந்த பாகத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. அங்கே பசை, சுரண்டிய மேற்பரப்பின் நுண்ணிய பள்ளங்களைப் பற்றிக்கொண்டே பெரும்பாலும் நிற்கிறது. அச்சிலிருந்து வந்த மெழுகு, எண்ணெய், உப்பு என்பன இடையில் இருந்தால் எத்தனை விலையுயர்ந்த பசையும் பயன்தராது.

முதலில் அசற்றோன் தோய்த்த துணியால் மெழுகைத் துடைக்கவும். பின்னரே 80 இலக்க அரத்தாளால் தேய்க்கவும். துடைக்காமல் தேய்த்தால் மெழுகு உள்ளே அழுந்திவிடும். தூசியை அகற்றியபின் நல்ல தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீர் துளிதுளியாகத் திரண்டால் மெழுகோ எண்ணெயோ இன்னும் உண்டு; படலமாகப் பரவினால் மேற்பரப்பு தயார். நன்கு உலர்ந்த பின்னரே ஒட்டவேண்டும்.

2. பசை வகைகள்

பொலியெஸ்டர் பிசின்: மலிவானது, எளிதிற் கிடைப்பது. ஆனால் இறுகும்போது சுருங்கும்; பசையாக நொறுங்குந்தன்மை உடையது. கண்ணாடி நார் விரிப்புடன் சேர்த்து இடுவதற்கு ஏற்றது. தனியே பாரம் தாங்கும் ஒட்டுக்கு ஏற்றதல்ல.

எபொக்சி: சுருக்கம் மிகக் குறைவு, பிடிப்பு அதிகம், விலையும் பலமடங்கு. பாரம் தாங்கும் இடங்களுக்கு இதுவே ஏற்றது. குறிக்கப்பட்ட விகிதத்தில் அளந்தே கலக்கவேண்டும். இறுக்கும் திரவத்தைக் கூட்டினால் விரைவாக இறுகாது, ஒட்டு பலவீனமடையும். எபொக்சியின் மேல் பின்னர் பொலியெஸ்டர் இட்டால் அது சரியாக ஒட்டாமற்போகலாம். கடைகளில் சிறு குழாய்களில் விற்கும் ஐந்து நிமிட எபொக்சி நீரில் நிற்கும் பாகங்களுக்கு உகந்ததல்ல.

மெதக்ரிலேற்று: விரைவாக இறுகும், அதிர்ச்சியைத் தாங்கும். ஆயினும் கடுமையான நெடியுள்ளது, தீப்பற்றக்கூடியது, வெப்பத்தில் விரைவில் கெட்டுப்போகும்.

பொலியூரெத்தேன்: இறப்பர்போல் வளையும். நீர் புகாமல் அடைப்பதற்கு நல்லது. பின்பலகையைத் தாங்க இதை நம்பக்கூடாது.

3. விசை எப்படி விழுகிறது?

பக்கவாட்டில் வழுக்கி இழுக்கும் விசையைப் பசை நன்கு தாங்கும். ஓர் ஓரத்திலிருந்து தோலுரிப்பதுபோல் இழுத்தால் எளிதில் விட்டுவிடும். எனவே ஒட்டும் பரப்பை அகலமாக்குங்கள். மூலையைக் குழைத்த பசையால் வளைவாக நிரப்பி, மேலே கண்ணாடி நார்ப் பட்டி இடுங்கள். பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும்வரை நெரிக்காதீர்கள். மெல்லிய படை இடையில் இருக்கவேண்டும்.

4. துண்டைக் கொண்டு சோதித்தல்

படகில் இடுமுன் இரு பழைய பைபர்த் துண்டுகளை அதே முறையில் ஒட்டுங்கள். நன்கு இறுகிய பின் பிரித்துப் பாருங்கள். பைபரின் நார் கிழிந்து வந்தால் ஒட்டு நன்று. பசை சுத்தமாகக் கழன்றால், பசையைக் குறைகூறுமுன் மேற்பரப்பைத் திரும்பத் தயார்செய்யுங்கள்.

5. பாதுகாப்பு

பொலியெஸ்டரை இறுக்கும் திரவம் கண்ணிற் பட்டால் பார்வையே போகலாம். உடனே நீரால் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவி, வைத்தியரிடம் செல்லுங்கள். அதனைக் கோபால்ற்றுத் திரவத்துடன் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். எபொக்சி தோலிற் பட்டால் ஒவ்வாமை உண்டாகும், கையுறை அணியுங்கள்.

எபொக்சி ஒருவருக்குப் பெருஞ்செலவு. சங்கமாக ஒரு பெரிய கலனும் ஒரு நல்ல தராசும் வாங்கினால், சிறு படகுக்காரரும் மலிவுப் பசையை நம்பிக் கடலுக்குப் போகவேண்டியதில்லை.

கலந்துரையாடலுக்கு

அ. எமது கிராமத்தில் கடைசியாக விட்டுப்போன ஒட்டில் நார் கிழிந்ததா, பசை கழன்றதா?
ஆ. பழுதுபார்ப்பவர் மேற்பரப்பைத் தயார்செய்வதை யார் பார்வையிடுகிறார்?
இ. பசையும் தராசும் பொதுவில் வாங்க எமது சங்கம் என்ன செய்யலாம்?