யோசேவ் வாஸ் அடிகளார்: வளைந்து சென்ற ஓர் அழைத்தல்

குருத்துவ அழைத்தல் என்றதும் எம்மவர் மனதில் ஒரு நேர்கோடு தோன்றும். சிறிய குருமடம், பெரிய குருமடம், குருப்பட்டம், பின்னர் மேற்றிராணியார் கொடுக்கும் பங்கு. அந்தக் கோட்டை விட்டுச் சற்று விலகியவரை, "பாவம், நிலைகொள்ளாத மனிசன்" என்று சனம் கதைக்கும். ஆனால் இலங்கைத் திருச்சபைக்கு முதற் புனிதராகக் கிடைத்தவரின் பாதை நேராகச் செல்லவில்லை. அவர் கேட்ட இடம் ஒன்று, அனுப்பப்பட்ட இடம் வேறு. சேர விரும்பிய சபைகளின் கதவு அவருக்குப் பூட்டியிருந்தது. வந்து சேர்ந்த ஊரிலும் நிலைக்க விடவில்லை.

யோசேவ் வாஸ் அடிகளாரை நாம் பெரும்பாலும் சுரூபமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். இந்தப் பாடத்தில் அவரை ஒரு பணியாளராக, ஊர்விட்டு ஊர் மாறிய ஒரு மனிதராகப் படித்துப் பார்ப்போம். சிதறிக் கிடந்த சனத்தை அவர் எப்படி ஒன்றாக வைத்திருந்தார் என்பதே நாம் தேடும் விடயம்.

அவர் 1651 ஏப்ரல் 21ஆந் திகதி, கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். அது தாயாரின் ஊர். தகப்பனாரின் ஊர் சான்கோலே. தாய்மொழி கொங்கணி. போர்த்துக்கேய மொழியையும் இலத்தீனையும் ஊர்ப் பள்ளிகளில் கற்று, பின்னர் பழைய கோவா நகரில் இயேசு சபையாரிடமும் தொமினிக்கன் சபையாரிடமும் உயர்கல்வி பெற்றார். 1676இல் குருவானார். குருவான பின்னர் ஏழைகளைப் போல வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கினார். சான்கோலேயில் குருமடத்திற்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்காக ஓர் இலத்தீன் பள்ளிக்கூடம் நடத்தினார். 1677இல் தம்மைத் தேவதாயாரின் அடிமை என்று எழுதிக் கையொப்பமிட்டார். உறுதி எழுதுவது போல எழுதிய அந்தப் பத்திரம் அவரது மனப்போக்கை நமக்குக் காட்டுகிறது.

அக்காலத்தில் இலங்கையைப் பற்றிய செய்தி கோவாவை எட்டியது. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்துக்கொண்டனர். குருமார் துரத்தப்பட்டனர். ஒரு குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658இலேயே கட்டளை பிறந்தது. மேய்ப்பரில்லாத மந்தையாக இலங்கைக் கத்தோலிக்கர் கிடக்கின்றனர் என்று கேள்விப்பட்டதும், தம்மை அங்கே அனுப்பும்படி வாஸ் அடிகளார் வேண்டினார். கோவாவின் திருச்சபை அதிகாரிகளோ, 1681இல் அவரைக் கன்னட நாட்டுக் கரைக்குப் பொறுப்பாக அனுப்பினர்.

அந்தக் கரையில் பெரியதொரு பிணக்கு நடந்துகொண்டிருந்தது. போர்த்துக்கல் மன்னரின் உரிமையை ஏற்ற குருமார் ஒரு பக்கம்; றோமாபுரி நேரடியாக அனுப்பிய மேற்றிராணியார் மறுபக்கம். யாருடைய கையால் தேவதிரவிய அனுமானம் பெறுவது என்று தெரியாமல் மக்கள் தவித்தனர். அவர் அந்த வழக்கைத் தீர்த்துவைத்தார் என்று சொல்ல முடியாது. வழக்கு அவருக்குப் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. ஆனால் மங்களூர், பசுரூர், கங்கொல்லி முதலிய இடங்களிற் சுற்றித் திரிந்து, இடிந்த கோயில்களை எழுப்பி, மக்களைப் பூசைக்குக் கூட்டினார். மேலே இரு தரப்பாரும் அதிகாரத்துக்கு மல்லுக்கட்டும்போது கீழே உள்ள சனத்தின் அன்றாடத் தேவையை யார் பார்ப்பது என்ற கேள்வி எமக்கும் புதியதல்ல.

1684இல் அவர் கோவா திரும்பினார். ஏதேனும் ஒரு துறவற சபையிற் சேரவேண்டும் என்பது அவரது ஆசை. அன்றைய ஐரோப்பிய சபைகள் இந்தியரைச் சேர்த்துக்கொள்வதில்லை. இதை மெல்லிய சொற்களால் மூடி எழுதுவது எமக்கு உடன்பாடில்லை. ஞானஸ்நானம் ஒன்றுதான், பூசை ஒன்றுதான். ஆனால் சபையின் வாசற்படியில் தோலின் நிறம் பார்க்கப்பட்டது. பழைய கோவாவில் அற்புதச் சிலுவைக் கோயிலில் உள்ளூர்க் குருமார் சிலர் கூடி வாழ்ந்துவந்தனர். 1685 செப்டெம்பரில் அவர்களோடு சேர்ந்தார். அவர்கள் அவரையே தலைவராக்கினர். புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவி அந்தச் சிறு கூட்டத்தை ஒறற்றோரியன் சபையாக அமைத்தார். கதவு திறக்காத இடத்தில் தட்டிக்கொண்டு நில்லாமல், இருந்த குடிலையே வீடாக்கியது அவரது வழி. பின்னாளில் இலங்கைக்கு ஒருவர் பின் ஒருவராகக் குருமாரை அனுப்பியது இந்தச் சபைதான்.

1686இல் தலைமைப் பொறுப்பை விட்டுவிட்டு இலங்கையை நோக்கிப் புறப்பட்டார். கூட வந்தவர் யோவான் என்னும் பணியாள். கஞ்சி காய்ச்சியது, சுமை தூக்கியது, சிறையிலும் கூட இருந்தது இந்த யோவான். அவருக்கு விழா இல்லை, பீடமும் இல்லை. ஆதலால் இங்கே அவர் பெயரை அழுத்திச் சொல்லி வைக்கிறோம்.

குருவானவரின் அங்கி இல்லை, வெறும் மேலோடு கூலியாள் வேடம். தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து 1687இல் இலங்கை வந்தார். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது கடுமையான வயிற்றுளைவினால் வீழ்ந்து கிடந்தார் என்றும், ஊர்ப் பெண்ணொருத்தி கொடுத்த கஞ்சியே அவரைக் காத்தது என்றும் பழைய வரலாறுகள் சொல்கின்றன. ஆக, உதவி செய்ய வந்தவர் முதலில் உதவி பெற்றவராகத்தான் எமது மண்ணில் கால் வைத்தார். அபிவிருத்திப் பணியாளர்கள், நாமும் உட்பட, இதை மறப்பது சுலபம்.

உடல் தேறியதும் கழுத்தில் பெரிய செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டு யாருடைய கண் மாறுகிறது என்று பார்த்து, அவ்வீட்டாரை மெல்ல அணுகினார். முப்பது ஆண்டுகளாகக் குருவைக் காணாத மக்கள் உடனே நம்பிவிடவில்லை. ஒல்லாந்தரின் ஒற்றனோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் நியாயமானது.

இங்கே ஒரு விடயத்தைக் கமக்காரக் குடும்பங்கள் நன்றாக விளங்கிக்கொள்வர். ஒல்லாந்தர் காலத்தில் வழிபாடு வெறும் மனச்சாட்சிப் பிரச்சினையாக இருக்கவில்லை. அது காணிப் பிரச்சினையாகவும் இருந்தது. அரசின் சீர்திருத்தக் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் பதியப்பட்ட கலியாணமே சட்டப்படியான கலியாணம். அந்தத் தோம்பிலே பெயர் ஏறாத பெற்றோரின் பிள்ளைக்கு முதுசக் காணி கேட்க உரிமையில்லை. ஆகவே பலர் அங்கே போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு, வீட்டிலே இரகசியமாகத் தங்கள் செபத்தைச் செய்தனர். இவர்களைக் கோழைகள் என்று சொல்லும் பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். காணியும் பிள்ளையும் ஒரு தட்டில், விசுவாசம் மறு தட்டில் என்று நிறுக்க வைத்தவனை விட்டுவிட்டு, நிறுக்கப்பட்டவனைக் குறை சொல்வது நீதியாகாது. வாஸ் அடிகளார் இப்படித் தளர்ந்திருந்த மக்களைத் தேடித்தான் வந்தார்.

அவருக்கு உறுதியான இடம் கொடுத்த ஊர் வலிகாமத்துச் சில்லாலை. பகலில் ஒளிந்திருந்து இரவில் பூசை. ஊருக்கு ஊர் இருட்டிலே நடை. இப்படி இரண்டாண்டுகளுக்கு மேல் ஓடியது. பின்னர் ஒரு நத்தார் இரவில், பூசைக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தரின் படை சுற்றி வளைத்தது. குரு தப்பிவிட்டார், மக்கள் பிடிபட்டனர். சிலர் அடி பட்டும் கடூழியத்திலும் இறந்தனர். அதன்பின் யாழ்ப்பாணத்தில் அவர் தங்குவது மற்றவர்களுக்கே ஆபத்தாயிற்று. 1690இல் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்திற்குப் போனார். சொந்த உயிருக்குப் பயந்து ஓடுவதும், தம்மால் பிறர் அழியக்கூடாது என்று இடம் மாறுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற கோள் அவருக்கு முன்பே அரண்மனையை அடைந்திருந்தது. அவரையும் யோவானையும் சிறை வைத்தனர். சிறையிலே அவர் செய்த முதல் வேலை சிங்களம் கற்றது. தமிழை ஏற்கெனவே கற்றிருந்தார். காவல் தளரத் தளர, சிறையிருந்த இடத்திலேயே சிறு குடிலமைத்துப் பூசை செய்தார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன், பௌத்த சமயத்தைப் பேணியவன், காலப்போக்கில் அவரை நம்பி நடமாட விட்டான். கடும் வரட்சியில் அவர் செபித்து மழை வந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். திருநாட்களில் அதைச் சொல்லாத பிரசங்கியார் இல்லை. நாம் அதற்கு அடுத்து நடந்ததில் தங்கி நிற்க விரும்புகிறோம்.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னன் நகரை விட்டு வெளியேறினான். நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டோரம் விட்டுவிட்டு ஓடினர். அப்போதுதான் கோவாவிலிருந்து அவரது மருமகனான யோசே கர்வாலோ அடிகளார் வந்து சேர்ந்திருந்தார். இருவருமாகக் கைவிடப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து, கொட்டில்களில் சேர்த்து, புண் கழுவி, கஞ்சி பருக்கி, இறந்தவர்களைப் புதைத்தனர். பௌத்தர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடு அங்கே பார்க்கப்படவில்லை. முகாம் வாழ்வில் வாந்திபேதியும் மலேரியாவும் கண்டவர்களுக்கு அந்தக் கொட்டில்களின் வாடை எப்படியிருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கண்டியில் பின்னர் கிடைத்த சுதந்திரத்துக்கு அடிப்படை இந்தப் பணியே என்பது எமது எண்ணம்.

இனி இந்தப் பாடத்தின் மையத்துக்கு வருவோம். தீவு முழுவதற்கும் ஒரு சில குருமார். மன்னார், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு என்று பரந்து கிடக்கும் மக்களை ஒரு குரு ஆண்டில் ஒருமுறை காண்பதே பெரிது. மிச்ச நாட்களில் ஊர் எப்படி ஊராயிருக்கும்? இதற்கு அவர் கண்ட வழி மூப்பரும் அண்ணாவியாரும். இன்று அண்ணாவியார் என்றால் நாட்டுக்கூத்துப் பழக்குபவர்தான் எம் நினைவுக்கு வருவார். அன்று அவர் ஊரின் செபத்தை நடத்துபவர். பிள்ளைகளுக்கு மந்திரங்களும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுப்பவர். சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, இறந்தவரை அடக்கம் செய்பவர். மூப்பர் கோயிலின் உடைமையையும் காணிக்கையையும் பார்த்து, குரு வரும்போது யார் வீட்டில் நோயாளி, எந்தக் குடும்பத்தில் சண்டை, யாருக்குக் கலியாணம் என்று ஒப்புவிப்பவர். இவை முழுவதும் வாஸ் அடிகளார் புதிதாகக் கண்டவையல்ல. சவேரியார் காலத்திலேயே முத்துக்குளித்துறையில் கணக்கப்பிள்ளைமார் இப்படியொரு பணி செய்தனர். ஆனால் குரு பெரும்பாலும் இருக்கமாட்டார் என்பதையே கணக்கில் எடுத்து, அதற்கேற்ப ஊர்களை ஒழுங்குபடுத்தியது அவரது பங்கு.

இரண்டு மொழியிலும் செபங்களை எழுதிக் கொடுத்ததும் இதே நோக்கில்தான். இலத்தீன் குருவோடு போய்விடும். தமிழும் சிங்களமும் ஊரோடு இருக்கும். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இந்த எழுத்துப்பணியைப் பெரிதாக வளர்த்தார். தவக்காலத்தில் எமது ஊர்க் கோயில்களில் வாசிக்கப்பட்டுவரும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதே.

திருத்தந்தையின் தூதுவர் ஒருவர் வாஸ் அடிகளாரை மேற்றிராணியாராக்க விரும்பியபோது அவர் மறுத்துவிட்டார். 1711 தை 16ஆந் திகதி கண்டியில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தனர்; இன்று அந்தக் கல்லறை எங்கே என்று எவருக்கும் தெரியாது. ஆங்கிலேயர் 1806இல் தடைகளை நீக்கும்வரை, கரையோர ஊர்களை அண்ணாவிமாரும் மூப்பர்மாரும் ஒளிந்து வந்த குருமாரும் சுமந்தனர்.

1995 தை 21ஆந் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு காலிமுகத் திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக்கினார். அதே ஆண்டு ஐப்பசி 30இல் வலிகாமம் முழுவதும் வெறிச்சோடியது. அவருக்கு இடம் கொடுத்த சில்லாலையும் அதில் ஒன்று. 2015 தை 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் அதே திடலில் அவரைப் புனிதராக்கி, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்த மக்களின் இடம் மடு என்பது மரபு. 2008இல் அந்தச் சுரூபம் மீண்டும் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அதே ஆண்டு திரும்பியது.

இந்தப் பாடத்தை மாதர் சங்கத்திலோ கமக்காரர் கூட்டத்திலோ வாசிப்பவர்கள், வாசித்தபின் சற்று நேரம் இருந்து கதைக்க வேண்டும். முதலில் உங்கள் பழைய ஊரின் குடும்பங்களை ஞாபகத்திலிருந்து சொல்லி ஒரு கொப்பியில் எழுதுங்கள்: யார் எந்த முகாமில், யார் வன்னியில், யார் இந்தியாவில், யார் இல்லை. காணி உறுதி யார் கையில் இருக்கிறது, யாருடையது எரிந்துபோனது, எல்லை தெரிந்த முதியவர் இன்னும் யார் உயிரோடிருக்கிறார் என்று பக்கத்தில் குறியுங்கள். சுவாமியாரும் வராமல், விதானையாரும் வராமல், நிவாரண வண்டியும் வராமல் மூன்று மாதம் போனால் உங்கள் கொட்டில்களில் நோயாளியை யார் பார்ப்பார், பிள்ளைகளுக்கு யார் படிப்பிப்பார், சண்டையை யார் தீர்ப்பார் என்று பெயர் சொல்லிப் பாருங்கள். எந்த வேலைக்குப் பெயர் வரவில்லையோ அதற்கு அன்றைக்கே ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள். பெண்களின் பெயரையும் சொல்ல மறக்கவேண்டாம். கொப்பியை யார் வைத்திருப்பது என்பதையும் அன்றே முடிவு செய்து, ஒரு பிரதியை வேறொரு வீட்டிலும் வையுங்கள்.